பனியில் ஒரு குழி, விண்ணில் ஒரு விழி

பனி என்னும் தமிழ்ச்சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும். எதிரே வருவாரை மறைக்கும் மூடுபனியையும் குறிக்கும். இமயத்தின் முடியில் உறைந்து கிடக்கும் வெண்மையையும் குறிக்கும். பெரும்பொழுது ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டினைப் பனிக்கே ஒதுக்கிய நம் முன்னோர், வானிலிருந்து துகளாக உதிர்ந்து நிலத்தில் அடுக்கடுக்காகக் குவியும் பனியைத் தம் ஊர்களில் கண்டவரல்லர். ஆதலின் அதற்கெனத் தனிச்சொல் ஒன்றைப் படைக்கும் தேவையும் அவர்க்கு எழவில்லை. அறிவியலுக்கோ இப்பொதுச்சொல் போதாது. துகளாக உதிர்ந்து பஞ்சுபோல் குவிவது வேறு. நீர் உறைந்து இறுகிய கட்டி வேறு. முன்னதை வெண்பனி என்றும் பின்னதைப் பனிக்கட்டி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டையும் விண்ணிலிருந்து ரேடார் கொண்டு அறியும் முறையும், அம்முறைக்குத் துணையாக மனிதர் நேரில் சென்று எடுக்கும் அளவீடுகளும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பனியை ஏன் அளக்க வேண்டும்? உலக மக்களுள் ஆறில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் வெண்பனியும் பனியாறுகளும் உருகித் தரும் நீரை நம்பி வாழ்கின்றனர். சிந்துவும் கங்கையும் பிரமபுத்திராவும் தத்தம் அளவில் அந்நீரைப் பெறுவனவே. மலையில் இவ்வாண்டு எவ்வளவு நீர் பனியாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்பது தெரிந்தால்தான் கோடையில் அணைக்கு எவ்வளவு வரும் என்பதைக் கணிக்க இயலும். இங்கே பனியின் ஆழத்தை மட்டும் அறிந்து பயனில்லை. ஒரு மீட்டர் ஆழமுள்ள வெண்பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 300 கிலோகிராம் எனக் கொள்வோம். அதனை உருக்கினால் 30 செ.மீ. உயரத்திற்கு நீர் கிடைக்கும். அதே ஒரு மீட்டர், புதிதாய் உதிர்ந்த, 100 கிலோகிராம் மட்டுமே அடர்த்தியுள்ள பனியாக இருப்பின் கிடைப்பது 10 செ.மீ. நீரே. ஒரு சதுர கி.மீ. பரப்பில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 20 கோடி லிட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒரே வெண்மைதான்.

ரேடார் காண்பது யாது?

சாதாரண ஒளிப்படக் கருவியைச் சுமந்து செல்லும் செயற்கைக்கோள் வெண்பனி பரவியுள்ள எல்லையைக் காட்டும். அதன் உள்ளே இருப்பதைக் காட்டாது. மேகம் மூடினால் எல்லையும் தெரியாது. துருவப் பகுதியின் நீண்ட இரவிலோ அதற்கு வேலையே இல்லை. ரேடார் அத்தகையதன்று. அது தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைத் தானே வாங்கி அளக்கிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையாவதில்லை. 1978 இல் அமெரிக்கா ஏவிய சீசாட், 1991 இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஈ.ஆர்.எஸ்.-1, 1995 இல் கனடா ஏவிய ரேடார்சாட்-1, 2012 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடு ஏவிய ரீசாட்-1, 2014 இல் வந்த சென்டினல்-1ஏ ஆகியன இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

வெண்பனி என்பது பனித்துகளும் காற்றும் கலந்த கலவை. அது உலர்ந்திருக்கும்போது, 5.6 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலைக்கு ஏறத்தாழக் கண்ணாடி போன்றது. அலை அதனூடே நுழைந்து அடியிலுள்ள தரையில் பட்டுத் திரும்பும். மேலே பனி இருப்பதே ரேடாருக்குத் தெரியாமற் போவதும் உண்டு. அதே பனியில் நூற்றுக்குச் சில பங்கு நீர் கசிந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. நீர் நுண்ணலையை விழுங்கும் இயல்பினது. பல மீட்டர் ஊடுருவிய அலை இப்போது சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். திரும்பி வருவது மிகக் குறையும். உலர்ந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட, திரும்பும் ஆற்றல் 3 டெசிபெல் அளவு, அதாவது பாதியாகக் குறைந்திருந்தால், அவ்விடத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளும் முறை ஆஸ்திரிய நாட்டு ஆல்ப்ஸ் மலைகளில் வகுக்கப்பட்டு இன்று பரவலாக வழங்குகிறது.

அலைநீளம் குறையக் குறைய அலைக்கும் பனித்துகளுக்கும் உள்ள உறவு நெருக்கமாகிறது. ஏறத்தாழ 2 செ.மீ. அலைநீளமுள்ள கே-யூ வரிசை அலை உலர்ந்த பனித்துகள்களிலும் பட்டுச் சிதறும். பனி மிகுந்தால் சிதறலும் மிகும். ஆகவே சிதறலைக் கொண்டு நீரின் அளவைக் கணக்கிடலாம். ஆனால் சிதறல் துகளின் பருமனைப் பொறுத்தும் மிகும். பருத்த துகள்களைக் கொண்ட மெல்லிய பனியும், நுண்ணிய துகள்களைக் கொண்ட தடித்த பனியும் ரேடாரின் கணக்கில் ஒன்றாகவே பதிவாகக்கூடும். பல பொருள் ஒருசொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்க என்பது இலக்கண மாணவர் அறிந்த முறை. ரேடார் தரும் ஓர் எண்ணும் அத்தகைய ஒருசொல்லே. அதற்குப் பொருள் காண வேண்டுமானால், இடம் நோக்க ஒருவர் பனிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பனிக்குழி

ஆய்வாளர் முதலில் செய்வது குழி தோண்டுவது. பனியின் மேற்பரப்பிலிருந்து தரை தட்டும் வரை மண்வாரியால் வெட்டி, ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் சீவி எடுப்பர். அச்சுவர் வெயில் படாத திசையை நோக்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் அளக்கும்போதே அது உருகத் தொடங்கும். சுவரை ஒட்டி அளவுகோல் நிறுத்தப்படும். 10 செ.மீ. இடைவெளியில் வெப்பமானியைச் செருகி வெப்பநிலை குறிக்கப்படும். மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் சரியாக 0 பாகை செல்சியஸ் இருந்தால் அப்பனி உருகி ஓடத் தயாராகிவிட்டது என்று பொருள்.

அடுத்து அடர்த்தி. கொள்ளளவு தெரிந்த எஃகுப் பெட்டி ஒன்றைச் சுவரில் செருகிப் பனியை வெட்டி எடுத்துத் தராசில் நிறுப்பர். பெட்டியின் கொள்ளளவு 1000 கன செ.மீ. ஆக இருந்து, உள்ளிருக்கும் பனி 300 கிராம் நிற்குமாயின், அடர்த்தி கனமீட்டருக்கு 300 கிலோகிராம். இக்கணக்கைப் பள்ளி மாணவனும் செய்வான். கையுறை அணிந்த விரலோடு, வீசும் காற்றில், உறைந்துபோன தராசைச் சரிசெய்துகொண்டு இதனைச் செய்வதில்தான் அருமை இருக்கிறது.

துகளின் பருமனை அறிய, கட்டமிட்ட தகட்டின்மேல் சிறிது பனியைத் தூவி உருப்பெருக்கியால் நோக்குவர். குழியின் அடியில் பெரும்பாலும் பெரிய, குவளை வடிவத் துகள்கள் காணப்படும். தரை வெதுவெதுப்பாகவும் மேலே காற்று கடுங்குளிராகவும் இருப்பதால் அடியிலுள்ள பனி ஆவியாகி மேலேறி மீண்டும் படிகமாக உறைவதே இதற்குக் காரணம். நுண்ணலையை மிகுதியாகச் சிதறச் செய்வன இத்துகள்களே. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இவை ஒருநாளும் புலப்படா.

கடினத்தன்மையை அளக்கும் முறை என்னை மிகவும் கவர்ந்தது. அடுக்கின்மீது முதலில் கைமுட்டியை அழுத்துவர். அது நுழையாவிட்டால் நான்கு விரல், அதுவும் நுழையாவிட்டால் ஒரு விரல், பிறகு பென்சில், இறுதியாகக் கத்தி. எது நுழைகிறதோ அதுவே அவ்வடுக்கின் அளவு. கோடிக்கணக்கில் செலவிட்டு ஏவப்படும் செயற்கைக்கோளின் கணக்கைச் சரிபார்க்கும் குறிப்பேட்டில் பென்சிலும் கைமுட்டியும் அலகுகளாக இடம்பெறுகின்றன. இன்று நுண்விசையை உணரும் ஊசியைப் பனிக்குள் செலுத்தும் கருவி சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகர ஆய்வகத்தாரால் உருவாக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது. ஆயினும் கைமுட்டிச் சோதனை கைவிடப்படவில்லை.

ஒரு குழி ஒரு சதுர மீட்டரைப் பற்றி மட்டுமே பேசும். ரேடார் படத்தின் ஒரு புள்ளியோ பத்து, இருபது மீட்டர் அகலம் கொண்டது. காற்று பனியை ஓரிடத்தில் சுரண்டி ஓரிடத்தில் குவிக்கும் மலையில் இவ்விரண்டும் ஒத்துப்போகும் என்று எவ்வாறு நம்புவது? ஆகவே குழியைச் சுற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பர். இருப்பிடங்காட்டியோடு இணைந்த கோல்கள் வந்தபின் இவ்வேலை விரைவாகியுள்ளது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. செயற்கைக்கோள் தலைக்குமேல் கடக்கும் வேளையை ஒட்டியே அளக்க வேண்டும். சென்டினல்-1 காலை 6 மணி, மாலை 6 மணி அளவில் கடப்பது. காலையில் உறைந்து இறுகிய மேற்புறம் நண்பகலில் சொதசொதத்துப் போயிருக்கும். வசதியாக நண்பகலில் எடுத்த அளவு காலை 6 மணிப் படத்திற்குச் சான்றாகாது. தோண்டிய இடம் மறுமுறை பயன்படாது. அடுத்த வாரம் அருகே வேறிடத்தில் புதுக்குழி தோண்ட வேண்டும்.

ரேடாரையே சரிபார்ப்பதும் நிலத்தில்தான். மூன்று உலோகத் தகடுகளை ஒரு மூலையில் சேருமாறு பொருத்திய எதிரொளிப்பான்களைத் திறந்த வெளியில் நிறுத்துவர். அது எவ்வளவு ஆற்றலைத் திருப்பி அனுப்பும் என்பது கணக்கிட்டு அறியப்பட்டது. படத்தில் அப்புள்ளி அதே அளவில் தெரிகிறதா என்று பார்ப்பர். அலாஸ்காவிலும் இத்தகையன நிறுத்தப்பட்டுள்ளன. பனி பெய்தால் மூலைக்குள் நிறைந்துவிடும். எவரேனும் சென்று துடைக்க வேண்டும்!

மொழியாசிரியர் வகுத்த முறை

பனியின் நீரளவை முதன்முதலில் முறைப்படுத்தியோருள் தலையாயவர் இயற்பியல் அறிஞரல்லர்; மொழியாசிரியர் என்பது நம் போன்றோர்க்கு உவகை தரும் செய்தி. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் முதலிய செவ்வியல் பாடங்களைக் கற்பித்த ஜேம்ஸ் சர்ச், விடுமுறைகளில் மலையேறும் வழக்கமுடையவர். 1895 இல் ரோஸ் மலையுச்சிக்குக் குளிர்காலத்தில் ஏறினார். பின்னர் அம்மலையில் வானிலை நிலையம் ஒன்றை அமைத்தார். நுனியில் பற்களுள்ள எஃகுக் குழாயைப் பனியில் அடிவரை செலுத்தி, உள்ளே சிக்கிய பனித்தண்டைக் குழாயோடு நிறுத்து, நீரின் உயரத்தை நேரே படிக்கும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். தாகோ ஏரியின் நீர்மட்டம் குறித்துக் கரைவாழ் மக்களுக்கும் ஆற்றுப் பாசனத்தார்க்கும் மின்நிறுவனத்திற்கும் இடையே ஓயாத வழக்கு நிலவியது. மலையிலுள்ள பனியின் நீரளவைக் கொண்டு ஏரி எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் சர்ச்சின் முறை அப்பூசலைத் தணிக்க உதவிற்று. அவர் குழாயின் வழிவந்த கருவிகள் இன்றும் மலைகளில் பயன்படுகின்றன.

சர்ச்சின் காலத்தில் அளவே முடிவு. இன்று அளவு ரேடாருக்குச் சான்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2002, 2003 ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் நாசா நடத்திய குளிர்நிலச் செயன்முறைக் களஆய்வில், வானூர்தி ரேடார் மேலே பறக்க, கீழே குழுக்கள் குழி தோண்டின. 2017 இல் அதே மாநிலத்தின் கிராண்ட் மேசா மேட்டுநிலத்தில் சுனோஎக்ஸ் என்னும் பெயரில் இத்தகைய முயற்சி மீண்டும் தொடங்கியது. பின்லாந்தின் சோதன்கிலா ஊரில் 2009 முதல் 2013 வரை கோபுரத்தின்மேல் நிறுத்திய ரேடார் ஒன்று காட்டுவெளிப் பனியைக் குளிர்காலந்தோறும் நோக்கியவண்ணம் இருந்தது. அருகே தொடர்ந்து குழிகள் அளக்கப்பட்டன. பனியின் நீரளவுக்கெனவே ஐரோப்பிய விண்வெளி முகமை எண்ணியிருந்த செயற்கைக்கோள் திட்டத்திற்கு இது முன்னோடி. 2013 இல் அத்திட்டம் தேர்வாகவில்லை. காடுகளை அளக்கும் திட்டம் தேர்வாயிற்று. ஆயினும் சோதன்கிலாவில் திரட்டிய அளவுகள் வீண்போகவில்லை. துகளின் பருமன் ரேடார் கணக்கை எவ்வளவு தூரம் திரிக்கும் என்பதை ஆராய்வோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர்.

கிரீன்லாந்தில் உயர்ந்த பனி

நிலத்தளவீடு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு 2012 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கிரீன்லாந்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அத்திங்கள் 12 ஆம் நாளளவில் அப்பெருந்தீவின் பனிக்கட்டிப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு உருகியது. இதனை முதலில் காட்டியவற்றுள் ஒன்று, 2009 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளிலிருந்த ரேடார் அளவி. அதன் தரவைக் கண்ட நாசா ஆய்வாளர், இது உண்மையா, தரவுப் பிழையா என்று ஐயுற்றார். பிற செயற்கைக்கோள்களும் அதனை உறுதிப்படுத்தின. 3,200 மீட்டர் உயரத்திலுள்ள சம்மிட் நிலையத்திலும் அப்போது உருகுதல் நிகழ்ந்தது. அவ்விடத்தில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்தது 1889 இல் என்பதைத் தோண்டியெடுத்த பனிக்கட்டித் தண்டுகள் காட்டுகின்றன.

அடுத்து நடந்ததுதான் நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. 2010 இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2, கே-யூ வரிசை ரேடாரால் பனிப்பரப்பின் உயரத்தை அளப்பது. உருகுதல் முடிந்தபின் அதன் தரவை நோக்கிய ஆய்வாளர், கிரீன்லாந்தின் வடமேற்கு உட்பகுதியில் பனிப்பரப்பு ஏறத்தாழ 56 செ.மீ. உயர்ந்திருப்பதாகக் கண்டனர். உருகிய இடம் உயருமா? அந்த எண்ணை அப்படியே பெருக்கிக் கூட்டினால், பேரளவில் உருகிய ஆண்டிலேயே பனி பெருகிவிட்டது என்னும் முடிவுக்கு வந்திருக்கலாம்.

நற்பேறாக அப்பகுதியில் நீம் என்னும் துளையீட்டு முகாம் இருந்தது. 14 நாட்டு ஆய்வாளர்கள் பங்குகொண்ட அம்முகாமில் அந்த ஜூலையில் மழையே பெய்தது. பனிக்குழிகளும் அளக்கப்பட்டிருந்தன. காரணம் அக்குழிச் சுவர்களில் இருந்தது. மேலே உருகிய நீர் உள்ளிறங்கி மீண்டும் உறைந்து பனிக்கட்டி அடுக்காக இறுகிவிட்டது. உருகுதலுக்குமுன் ரேடார் அலை உலர்ந்த வெண்பனிக்குள் சற்று இறங்கியே திரும்பிக்கொண்டிருந்தது. ஆகவே அது உண்மை மேற்பரப்பைவிடத் தாழ்வான உயரத்தையே காட்டிவந்தது. புதிய பனிக்கட்டி அடுக்கு உருவானதும் அலை மேலேயே தடுக்கப்பட்டது. உயர்ந்தது பனியன்று, அலை திரும்பும் இடமே. விண்ணிலுள்ள கருவி பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

கடற்பனியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. மிதக்கும் பனிக்கட்டியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நீருக்குமேல் தெரியும். தெரியும் பகுதியை அளந்து முழுத் தடிப்பைக் கணிக்கும்போது 5 செ.மீ. பிழை அரை மீட்டர் பிழையாகப் பெருகும். மேலே கிடக்கும் வெண்பனியை ஊடுருவி அலை பனிக்கட்டியில் பட்டே திரும்புகிறது என்பது நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டுவந்த கருதுகோள். 2019 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் என்னும் பனியுடைப்புக் கப்பல் வட துருவக் கடற்பனியில் உறைந்து நின்று, ஏறத்தாழ ஓராண்டு அதனோடு மிதந்து சென்றது. மொசைக் எனப் பெயரிய அப்பயணத்தில் ஆய்வாளர் இரு அலைவரிசை ரேடார் ஒன்றைப் பனியின்மீதே நிறுத்தினர். சறுக்குவண்டியில் இழுத்தும் சென்றனர். துருவ இரவில் எடுத்த அவ்வளவுகள், கே-யூ அலையின் ஒரு பங்கு வெண்பனியின் மேற்பரப்பிலிருந்தே திரும்புவதைக் காட்டின. பழைய கருதுகோளை எங்கெங்கே திருத்துவது என்னும் ஆய்வு அதன்பின் வேகம் பெற்றுள்ளது.

இவ்வளவுகளுக்கு மனிதர் கொடுக்கும் விலை சிறிதன்று. சுவிட்சர்லாந்தில் பிறந்த கோன்ராட் ஸ்டெஃபன் 1990 இல் கிரீன்லாந்தின் மேற்குப் பகுதியில் சுவிஸ் முகாமை நிறுவினார். 1990களில் தானியங்கி வானிலை நிலையங்களை அப்பனிப்பரப்பில் தொடராக நாட்டினார். செயற்கைக்கோள் தரவுகளைச் சரிபார்க்க உலகெங்குமுள்ள ஆய்வாளர் அந்நிலையங்களின் எண்களை எடுத்தாண்டனர். முப்பது ஆண்டுகளாக நடந்து பழகிய அதே முகாமின் அருகே, 2020 ஆகஸ்டில், பனிப்பிளவு ஒன்றில் வீழ்ந்து அவர் உயிர் துறந்தார்.

இமயத்தில் நிலத்தளவீடுகள் இன்னும் அரியவை. இமாசலப் பிரதேசத்தின் சோட்டா சிக்ரி பனியாற்றில் 2002 முதல் மூங்கிற்கழிகளை நட்டு, ஆண்டுதோறும் கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்துப் பனியாற்றின் வரவுசெலவைக் கணக்கிட்டு வருகின்றனர். 2016 இல் ஸ்பிதிப் பகுதியில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் ஹிமான்ஷ் என்னும் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. பரந்த அம்மலைத்தொடரை எண்ணிப் பார்க்கையில் இத்தகைய இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் ஏவப்பட்டது. 12 மீட்டர் விட்டமுள்ள வலையுருவ எதிரொளிப்பானும் இரு அலைவரிசை ரேடார்களும் கொண்ட அது, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்புவது. அதன் ரேடார்களுள் ஒன்று ஏறத்தாழ 24 செ.மீ. அலைநீளமுடையது. அந்நீண்ட அலை உலர்ந்த பனியில் சிதறாமல் தரையைத் தொட்டுத் திரும்பும். ஆனால் பனியினூடே செல்கையில் சிறிது தாமதப்படும். இரண்டு கடப்புகளுக்கிடையே தாமதம் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து இடையே சேர்ந்த பனியின் நீரளவைக் கணக்கிடலாம். துகளின் பருமன் இக்கணக்கில் பெரிதும் குறுக்கிடாது என்பது இதன் சிறப்பு. பனி நனைந்துவிட்டால் இம்முறை பொருந்தாது. மேலும், இது காட்டுவது 12 நாளில் நேர்ந்த மாற்றத்தை மட்டுமே. மொத்த அளவைப் பெற, பருவத்தின் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதும், பனி எந்நாளில் நனைந்தது என்பதும் தெரிய வேண்டும். அவ்விரண்டையும் குழாயும் வெப்பமானியும் ஏந்தி மேலே செல்பவர்களே குறித்துவர வேண்டியிருக்கிறது.